கார்டு சாருக்கு டோக்கன் கிடையாது

என் பிளைவுட் கடையின் பின்பக்கக் குடோனில் ஒரு பலகை சுவரோடு சாய்ந்து நிற்கிறது. ஆறடி நீளம், மூன்றடி அகலம், பச்சைப் பெயிண்ட். வரிசைக்குப் பதினைந்தாக நூற்றைம்பது ஆணிகள், ஒவ்வோர் ஆணிக்கும் கீழே வெள்ளையில் ஓர் எண். "என்னண்ணே, லாட்ஜு கீட்ஜு நடத்துனீகளா? சாவிப் பலகை வச்சிருக்கீக?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அன்றைய வியாபாரம் கெடும், அதைவிட என் மனசு கெடும். இன்றுதான் முதல் தடவையாக முழுவதையும் சொல்லப் பார்க்கிறேன்.

காரைக்குடியில் ஓட்டக் குழு என்று ஒன்று இருப்பது வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். தொடக்கத்தில் எங்களுக்கே அது வேடிக்கைதான். சர்க்கரை, கொழுப்பு, மனைவியின் நச்சரிப்பு ஆகிய மூன்றில் ஏதோ ஒன்றால் வீட்டைவிட்டு விரட்டப்பட்ட பதினோரு பேர், காலையில் ஓடப்போன நேரத்தைவிட அதிக நேரம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அப்படியே ஒரு சங்கமாக ஆனோம். அந்தப் பெஞ்சில்தான் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாலை ஓட்டம் ஒன்று நடத்தலாம் என்ற யோசனையும் பிறந்தது. ஊர் மைதானத்திலிருந்து நாச்சியாபுரம் சாலையில் ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். எல்லாரும் சிவப்புத் தொப்பி போட வேண்டும். பனியனில் பனிமூடிய மரமும் கலைமானும் அச்சடித்தோம். எங்கள் ஊர்ப் பனி மோட்டார் சைக்கிள் சீட்டைத் துடைக்க வைக்கிற அளவுக்குத்தான் பெய்யும். அதற்கே காது மறைய மப்ளர் சுற்றுகிற ஜனம் நாங்கள். மார்கழி பிறந்திருக்குமாகையால் விடிவதற்கு முன்பே கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்கும், வாசலெல்லாம் ஈரக் கோலம். சிவப்புத் தொப்பிக் கூட்டம் அதை மிதிக்காமல் தாண்டித் தாண்டி ஓடும். "ஏப்பா தொப்பிக்காரகளா, பாத்துப் போங்கப்பா, காவி இன்னும் காயல" என்று பெண்கள் சத்தம் போடுவார்கள்.

தொப்பி எல்லாருக்கும் உண்டு. முழு வேஷம் ஒருவருக்குத்தான். சிவப்புக் கோட்டு, இடுப்பில் அகலமான கறுப்புப் பெல்ட், பஞ்சுத் தாடி, தோளில் மிட்டாய்ப் பை. அவரை நாங்கள் கார்டு சார் என்போம். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். வாழ்நாளெல்லாம் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு நின்றவர். முதல் ஆண்டில், மெதுவாக வருகிறவர்களுக்குத் துணையாக யாராவது ஒருவர் கூட்டத்தின் கடைசியில் போக வேண்டும் என்ற பேச்சு வந்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. நோஞ்சான்களோடு நடந்துவர யாருக்குத்தான் ஆசை? கார்டு சார்தான் கையைத் தூக்கினார். "நா போறேன் தம்பி. எனக்குக் கடைசிப் பெட்டிதான் பழக்கம். முன்னாடி போனா தல சுத்தும்" என்றார்.

அந்த முதல் ஆண்டில் ஓடப்போன ஒருவரைக் காணவில்லை. கண்மாய்க்கரை வரை ஒரு மணி நேரம் தேடினோம். அவர் பாதியிலேயே அலுத்துப்போய் டவுன் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு கார்டு சார் ஒரு ஏற்பாடு சொன்னார். புறப்படும்போது ஒவ்வொருவரும் பலகையிலிருந்து ஒரு டோக்கனைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓடி முடித்ததும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் சாலையில் என்று பொருள். டோக்கன் செய்கிற வேலை என்னிடம் வந்தது. எங்களுடையது தச்சுக் குடும்பம். அப்பா நிலைக்கதவு செய்தார், நான் பிளைவுட் விற்கிறேன். ஆனாலும் மிச்சக் கட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காது. தேக்குத் துண்டுகளில் வட்டம் வட்டமாக அறுத்து, துளை போட்டு, எண் எழுதிக் கொடுத்தேன். பலகையையும் நானே செய்தேன். அந்தப் பலகையில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

"உங்களுக்கும் ஒரு நம்பர் போடவா சார்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "கார்டுக்கு ஏது தம்பி டிக்கெட்டு? கடைசி டோக்கன் வந்துருச்சுன்னா நானும் வந்துட்டேன்னு அர்த்தம்." எல்லாரும் சிரித்தோம். சிரித்ததோடு அது சட்டமாகவும் ஆகிவிட்டது.

எட்டு ஆண்டுகள் அந்தச் சட்டம் பிசகவில்லை. கடைசியில் வருகிறவர் பெரும்பாலும் மூச்சு முட்டி, முகம் செத்து, ஏன் வந்தோம் என்று நொந்துகொண்டு வருவார். கார்டு சார் அவரோடு ஓட்டத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். வீட்டில் என்ன குழம்பு, மகளுக்கு எங்கே இடம் பார்க்கிறீர்கள், பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை தீர்ந்ததா என்று கேட்டுக்கொண்டே வருவார். வழியில் நிற்கும் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். மைதானத்து வாசல் வந்ததும் மட்டும் அந்த ஆளின் முதுகில் மெல்லத் தட்டி, "போங்க, கைதட்டுறதுக்கு ஆள் நிக்கிது" என்று முன்னால் அனுப்புவார். கடைசி ஆளுக்குத்தான் எங்களிடம் பெரிய கைதட்டல். அந்த ஆரவாரத்தில் கார்டு சார், ஓட்டம் முடிகிற இடத்தில் கட்டியிருக்கும் ஆர்ச்சுக்குள் நுழையாமல் ஓரமாக வந்து பலகையைப் பார்ப்பார். எல்லா ஆணியும் நிறைந்திருந்தால் தாடியைக் கழற்றிக் கோட்டுப் பையில் வைத்துக்கொள்வார். ஒன்பது ஓட்டங்களில் ஒருமுறைகூட அவர் ஆர்ச்சுக்குள் நுழைந்ததில்லை. அதை நாங்கள் யாரும் கவனித்ததுமில்லை.

பத்தாவது ஓட்டத்துக்கு முதல்நாள் சாயங்காலம் நானும் அவரும் மைதானத்தில் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தோம். அந்த ஆண்டு அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஆள் பாதியாகியிருந்தார். "இந்த வருசம் நீங்க ஒக்காருங்க சார், வேற ஆளப் போட்டுக்கிருவம்" என்றேன்.

"டாக்டர் நடக்கலாம்னுட்டாரு தம்பி. ஓடத்தான் கூடாதாம். இதோட நிறுத்திக்கிருவேன். நாளைக்கு டீச்சர் வாராக" என்றார்.

டீச்சர் என்றது அவர் மனைவியை. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வீட்டிலும் வெளியிலும் கார்டு சார் அவரை அப்படித்தான் சொல்வார். டீச்சரம்மா அதுவரை ஒரு ஓட்டத்துக்கும் வந்ததில்லை. டிசம்பரில் அவருக்கு மாதா கோயிலில் பாட்டுக் குழு, குடில் வேலை, வீட்டில் முறுக்கு, அதிரசம். போதாததற்கு, "அறுவது வயசுக்கு மேல தாடிய ஒட்டிக்கிட்டு ரோட்டுல ஓடுறத நா வேற வந்து பாக்கணுமாக்கும்" என்று ஒரு பேச்சு. இந்தத் தடவை அவரே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

"முப்பத்தஞ்சு வருசம் வண்டில போயிருக்கேன். டீச்சர் ஒருநாளும் ஸ்டேசனுக்கு வந்து என்னயப் பாத்ததில்ல. வந்தாலும் தெரியாது, கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தத் தாண்டி இருட்டுல நிக்கும். நாளைக்கு ஆர்ச்சுக்கு எதுத்தாப்ல அவுகளுக்கு ஒரு சேர் போட்டுருங்க தம்பி. கடைசி நூறு மீட்டர் மட்டும் ஓடிருவேன். டாக்டர்ட்ட சொல்லிறாதீக." சொல்லிவிட்டு, கல்யாணம் நிச்சயமான பையன்போல வெட்கப்பட்டார். ஆக, அவருக்கு என்ன வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

மறுநாள் விடியலில் நூற்றைம்பது டோக்கனும் போய்விட்டன. டீச்சரம்மா ஏழு மணிக்கே வந்தார். அரக்குக் கலர் பட்டுச்சேலை, கையில் பாட்டுப் புத்தகம் வைத்த பை. எட்டரை மணிப் பூசையில் அவர்தான் பாட்டை ஆரம்பித்து வைக்க வேண்டும். நான் சொன்னபடி ஆர்ச்சுக்கு எதிரே நாற்காலி போட்டேன். நல்ல நாற்காலியாகப் பார்த்துத் துடைத்தும் போட்டேன். இன்றைக்கு அதை எழுதும்போது என்மேலேயே எரிச்சலாக வருகிறது. நாற்காலியைத் துடைக்கத் தெரிந்தவனுக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

நடந்தது இதுதான். கடைசியாக வந்துகொண்டிருந்தது ஒரு பெண், தாலுகா ஆபீஸில் வேலை பார்ப்பவர். மைதானத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கார்டு சார் சாலையில் வந்த ஆட்டோவை நிறுத்தி அவரை ஏற்றி வீட்டுக்கே அனுப்பிவிட்டார். டோக்கனைத் தண்ணீர் கொடுக்க நின்ற எங்கள் ஆள் ஒருவரிடம் கொடுத்து, பலகையில் மாட்டச் சொன்னார். அந்த ஆள் பைக்கில் ஏறச் சொன்னதற்கு, "நா நடந்து வந்துருவேன், டீச்சர் காத்துருக்காக" என்று மறுத்துவிட்டார். அந்த ஆளுக்குக் கடை திறக்கிற அவசரம். வந்தார், மாட்டினார், போனார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் பரிசு கொடுக்கிற மும்முரத்தில் இருந்தேன்.

பரிசெல்லாம் முடிந்து திரும்பிப் பார்த்தால் பலகை நிறைந்திருந்தது. எட்டு ஆண்டுகளாக அந்தப் பலகை நிறைந்தால் வேலை முடிந்தது என்றுதான் பொருள். ஆர்ச்சைக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்று வாடகைக்காரர் வேனில் இருந்தபடியே ஆரன் அடித்துக்கொண்டிருந்தார். "அவுத்துக்கங்க" என்று சொன்னது நான்தான். ஜனமும் பொங்கல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கலைந்துவிட்டது.

டீச்சரம்மா மட்டும் நாற்காலியைவிட்டு எழவில்லை. "அவுக இன்னும் வரலையே தம்பி" என்றார்.

நான் பலகையைக் காட்டினேன். "எல்லா டோக்கனும் வந்துருச்சும்மா. சார் கூட்டத்துக்குள்ள வந்துருப்பாக. உங்களக் காணாம நேரா கோயிலுக்குப் போயிருப்பாக." பூசை முடிந்து வருகிற பிள்ளைகளுக்கு அதே வேஷத்தில் மிட்டாய் கொடுப்பது அவர் வழக்கம். எனக்கு நான் சொன்னது நியாயமாகவே பட்டது.

"என்னயப் பாக்காம போக மாட்டாகளே" என்றார் டீச்சரம்மா.

"அட வாங்கம்மா, பூசைக்கு நேரமாச்சுல்ல. பாட்டு ஆரம்பிக்க நீங்க இல்லாட்டி சாமியார் என்ன செய்வாரு? நா பைக்குல விடுறேன்."

அவர் இரண்டு தடவை சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு என் பைக்கில் ஏறினார். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவர் சொன்னதைவிட நான் செய்த பலகை சொன்னதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. கோயில் வாசலில் அவரை இறக்கும்போது, ஒரு நடை உள்ளே போய், கார்டு சார் இருக்கிறாரா என்றுகூட நான் பார்க்கவில்லை. நாற்காலி ஏற்ற வேண்டும் என்று திரும்பிவிட்டேன்.

மைதானத்தில் ஆர்ச் நின்ற இடத்தில் நான்கு குழிகள் இருந்தன. அதைத் தாண்டி, டீச்சரம்மா உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில், சிவப்புக் கோட்டோடு கார்டு சார் உட்கார்ந்திருந்தார். தாடி கழுத்தில் தொங்கியது. என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. பொறு என்று கையைக் காட்டினார். தண்ணீர் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாரும் வந்துட்டாகளா தம்பி?" என்றார்.

"வந்துட்டாக சார்."

"டீச்சரு?"

"கோயில்ல விட்டுட்டு வந்தேன் சார். நா நெனச்சேன்..."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "பூசைக்கு நேரமாயிருச்சுல்ல, பாவம்" என்றார். ஓடி முடித்தவர்களுக்குக் கொடுத்ததில் அட்டைப்பெட்டியில் மிச்சமிருந்த மெடல் ஒன்றை எடுத்து நீட்டினேன். அவர் அதைக் கழுத்தில் போடாமல் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவரையும் பைக்கில் ஏற்றிப்போய்க் கோயில் வாசலில் விட்டேன். உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. தாடி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று என்னிடம் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். கிறிஸ்துமஸ் போகட்டும் என்று இருந்தேன். பொங்கல் போகட்டும் என்று இருந்தேன். அதற்குள் அவரை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ஒருமுறை பார்க்கப் போனேன். அடுத்த ஓட்டத்துக்குத் தொப்பி எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று பேசிவிட்டு வந்தேன். ஈஸ்டருக்கு முந்தின வாரம் அவர் போய்விட்டார். அடக்கத்தன்று டீச்சரம்மா அழவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தார்களா, வெயிலில் யாரும் நிற்கிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போக எனக்குத் தைரியமில்லை. கூட்டத்தின் பின்னாலேயே நின்றுவிட்டு வந்தேன்.

இப்போது எங்கள் ஓட்டம் பெரிதாகிவிட்டது. மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருகிறார்கள். நெஞ்சில் ஒட்டுகிற எண் அட்டைக்குள் சிப் வைத்து, யார் எந்த நொடியில் வந்தார்கள் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடுகிறது. கடைசியில் போகிறவனுக்கும் சிப் உண்டு. அது நான் சண்டை போட்டு வாங்கியது. கடைசியில் போகிறவனும் நான்தான். எனக்குக் கார்டு சாரைப்போல ஊர்க்கதை பேச வராது. கூட வருகிறவர் நடந்தால் நடப்பேன், நின்றால் நிற்பேன். மிட்டாய்ப் பையை மட்டும் மறக்காமல் எடுத்துப்போகிறேன்.

அந்த ஆண்டு, கார்டு சாருக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்தபிறகு ஒரு சாயங்காலம்தான் அந்த வீட்டுக்குப் போனேன். டீச்சரம்மா தனியாக இருந்தார். காப்பி கொண்டுவந்து வைத்தார். சுவரில் கார்டு சார் படம், அதன் மாலையோடு சேர்த்து எங்கள் மெடல். நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"நீங்க போட்டுவிட்டதுதான் தம்பி. அன்னிக்குப் பூச முடிஞ்சு வாரப்ப முச்சூடும் அதத்தான் சொல்லிக்கிட்டு வந்தாக. ஆர்ச்சுக்குள்ள நொழையிறப்ப எல்லாரும் எந்திரிச்சு நின்னு கைதட்டுனாகளாம். நீங்க ஓடியாந்து கட்டிப்புடிச்சு மெடலப் போட்டுவிட்டீகளாம். எனக்குத் தெரியாத ஆளெல்லாம் கையப் புடிச்சுக் குலுக்குனாகளாம். ஆஸ்பத்திரில கெடக்குறப்பகூட நர்சுட்ட அதச் சொன்னாக."

நான் காப்பியைக் கையில் எடுத்தவன் குடிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. என்னைக் காப்பாற்றத்தான் கார்டு சார் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்று உடனே புரிந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதல்கூட வந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். இந்த அம்மாவுக்கு என்மேல் கோபமில்லை, பேசாமல் எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன்.

டீச்சரம்மா சேலைத் தலைப்பை மடியில் வைத்து நீவிக்கொண்டே சொன்னார். "ஊரே நின்னுருக்கு. நா ஒருத்திதான் தம்பி இல்ல. இன்னும் ஒரு பத்து நிமிசம் பொறுத்துருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? பாட்டுப் பாட வேற ஆளா இல்ல? நாந்தான் அவசரப்பட்டு எந்திரிச்சு வந்துட்டேன். ஈஸ்டருக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனத்துல சாமியார்ட்டயே சொன்னேன், கட்டுனவரு ஆசயா ஒண்ணு கேட்டாரு, காத்திருக்காம போயிட்டேன் சாமின்னு. அவரு, 'இதெல்லாம் பாவமில்லம்மா'ன்னுட்டாரு. ஆனா எனக்கு மனசு ஆறல."

என் குற்றத்தை அவர் முழங்காலில் நின்று அறிக்கையிட்டிருக்கிறார். அதன்பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு சாருக்கு டோக்கன் இல்லாதது, பலகையைப் பார்த்து நான் முடிவுகட்டியது, ஆர்ச்சை அவிழ்க்கச் சொன்னது, காலி மைதானத்தில் அவர் உட்கார்ந்திருந்தது, மெடலைப் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டியது எல்லாம். "அவுக இன்னும் வரலன்னுதான் நீங்க சொன்னீக. நாந்தான் உங்கள எழுப்பிக் கூட்டிப் போனேன். உங்க மேல தப்பு ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

டீச்சரம்மா படத்தை நிமிர்ந்து பார்த்தார். அவர் என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் இருந்தது. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அவுக வந்தத ஒருத்தருமே பாக்கலையா?"

"இல்லம்மா."

"யாருமே இல்லாத எடத்துக்கா நடந்து வந்தாக?"

"நடந்து வரலம்மா" என்றேன். "ஓடித்தான் வந்துருக்காக. நா போறப்ப பேச முடியாம மூச்சு வாங்குச்சு."

அப்போதுதான் அவர் அழுதார்.